மீன் இல்லாத வெள்ளிக்கிழமை

லூர்த்தம்மாவின் ஸ்கூட்டி ஒழுங்கைக்குள் திரும்பினால் முதலில் தெரிவது பூனைகளுக்குத்தான். அவள் ஹோர்ன் அடிக்கும் முன்பே மதிலில் ஏறிக் காத்திருக்கும். விடிய வெள்ளனவே மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து, ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியில் அடுக்கி, சுன்னாகம் தாண்டி உடுவில், சண்டிலிப்பாய் என்று வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தொழில். எந்த வீட்டில் ஓரா என்றால் உயிர், எந்த வீட்டில் திருக்கையைக் கண்ணிலும் காட்டக் கூடாது, எந்த வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்திருப்பதால் நண்டு வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை மட்டும் பெட்டி கழுவிக் கவிழ்த்தபடி கிடக்கும். சைவ வீடுகளில் அன்று மரக்கறி. படலையில் நின்று மீன் என்று கூப்பிடவே கூடாது. அதனால் கிழமையில் அந்த ஒரு நாள்தான் அவளுக்கு ஓய்வு. உடுப்புத் தோய்ப்பாள், ஆறுதலாகச் செபமாலை சொல்லுவாள், மத்தியானம் சற்றுக் கண்ணயர்வாள். அந்த ஓய்வு போனது ஒரு மறதியால்.

சண்டிலிப்பாயில் கமலாவதி என்று ஒரு அம்மா இருந்தார். பிள்ளைகள் எல்லாம் கனடாவில். வீட்டில் அவரும் கணவர் கனகசபாபதியும் மட்டும். ஒரு வியாழக்கிழமை அவருக்குக் கிணற்றடியில் வைத்துப் பாரை வெட்டிக் கொடுத்துவிட்டு, கத்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள் லூர்த்தம்மா. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை யாவாரத்துக்குக் கத்தி வேண்டுமே என்று எடுக்கப் போனாள். படலையில் நின்று கூப்பிட்டாள். பதில் இல்லை. வெள்ளிக்கிழமை மீன்காரி வந்து நிற்பது வீட்டுக்காரருக்குப் பிடிக்காதாக்கும் என்று எண்ணித் திரும்பியவள், எதற்கும் இன்னொரு முறை கூப்பிட்டாள்.

"ஆரது?" என்று கிணற்றடியிலிருந்து ஒரு முனகல்.

கமலாவதி பாசியில் வழுக்கி, கால் ஒரு பக்கமாக மடிந்து கிடந்தார். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வெயில் நேரே முகத்தில் அடித்தது.

"அம்மா! என்னம்மா நடந்தது?"

"தண்ணி அள்ள வந்தனான் பிள்ளை. எழும்ப ஏலாமல் கிடக்கு. அவர் கோயிலுக்குப் போட்டார்."

"அசையாதையுங்கோ. நான் ஓட்டோ பிடிச்சுக்கொண்டு வாறன்."

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரியில் ஒப்பரேசன் செய்தார்கள். பெண்கள் வாட்டில் துணைக்கு ஒரு பெண்தான் நிற்கலாம். கனகசபாபதிக்குப் பின்னேரம் பார்க்கும் நேரத்தில் மட்டும் அனுமதி. கனடாவிலிருந்து மகள் அருந்ததி வீடியோவில் அழுதாள். "அக்கா, நான் ரிக்கற் எடுத்து வந்து சேருமட்டும் அம்மாவோடை நிப்பியளோ?" என்று அவள் கேட்டபோது, லூர்த்தம்மாவுக்கு அந்தப் பிள்ளையை அதற்குமுன் தெரியவே தெரியாது. "ஓம் பிள்ளை, நீங்கள் பதறாமல் வாங்கோ" என்றாள். மீன் யாவாரம் கிடந்தது கிடந்தபடி.

வாட்டில் இரண்டாம் நாள் காலை கமலாவதி தலையணைக்குக் கீழிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுக்கப் பார்த்தார். கை எட்டவில்லை. திருநீறு. முகம் கழுவியதும் அதைப் பூசாமல் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடித்துப் பழகாதவர். கேட்கவும் கூச்சம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"பிள்ளை, நீ வேதக்காரி. உன்னட்டைக் கேக்கக் கூடாது..."

லூர்த்தம்மா பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். மூன்று விரலால் தொட்டு, அந்தச் சுருங்கிய நெற்றியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை கவனமாக இழுத்தாள். முதல்நாள் கோணலாய்ப் போனது.

"உனக்குப் பாவம் இல்லையோ?"

"நெத்தி உங்கடை, திருநீறு உங்கடை. கை மட்டும்தானே அம்மா என்ரை."

அருந்ததி வந்து சேரும்வரை ஒவ்வொரு காலையும் அப்படியே நடந்தது. வர வரக் கோடும் நேராகிவிட்டது.

கமலாவதி ஆசுப்பத்திரியால் வீடு வந்து, அருந்ததியும் கனடாவுக்குத் திரும்பிய பிறகுதான் லூர்த்தம்மாவின் மனத்தை ஒன்று அரிக்கத் தொடங்கியது. கத்தியை மறந்திராவிட்டால்? மற்ற நாட்களில் அவள் போகிறாள், படலையைத் தட்டுகிறாள், ஆட்கள் நடமாடுகிறார்களா என்று தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை? பிள்ளைகள் எல்லாம் கடல் கடந்து போய்விட்ட வீடுகள். உள்ளே விழுந்து கிடந்தால் சனிக்கிழமைதான் தெரியவரும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தலை முழுகி, மீன் மணம் போகத் தேசிக்காயால் கையைத் தேய்த்துக் கழுவி, சுத்தமான சட்டை மாற்றி, பெட்டி இல்லாத ஸ்கூட்டியில் ஏறினாள். முதலில் கமலாவதி வீடு. அங்கே வளவு கூட்டி, தண்ணீர் நிரப்பி, அவரைப் பிடித்து நடக்கப் பழக்கினாள். பிறகு பக்கத்து வளவு ஞானாம்பிகை வீடு. ஞானாம்பிகை எண்பதை எட்டிப் பிடித்த தனிக்கட்டை. கண் பார்வை மங்கிப்போனாலும் வாய்க்குக் குறைவில்லை. அவருக்கு நகம் வெட்டி, சீப்பால் தலை இழுத்து, கிளினிக் குளிசைகளைப் பிரித்து வைத்தாள். அதன்பிறகு உடுவிலில் இன்னும் சில வீடுகள்.

மகள் ஸ்ரெல்லாவுக்கு இது பிடிக்கவில்லை. அவள் சுன்னாகத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். தாயின் முழங்கால் வீக்கத்துக்கு எண்ணெய் தேய்ப்பதும் அவள்தான்.

"கிடைக்கிறது ஒரு நாள். அதையும் ஊருக்குக் குடுத்தா உங்களுக்கு என்ன மிச்சம், அம்மா?"

"நீ பிறந்த கதை உனக்குத் தெரியுந்தானே."

ஸ்ரெல்லாவுக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில், மயிலிட்டியை விட்டு ஊரோடு ஓடி வந்தபோது லூர்த்தம்மா நிறைமாதக்காரி. சண்டிலிப்பாயில் முன்பின் தெரியாத ஒரு சைவ வீட்டார் தங்கள் வெங்காயக் கொட்டிலை ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஸ்ரெல்லா பிறந்தது அந்தக் கொட்டிலில்தான். தன் சேலையைக் குறுக்கே கட்டி மறைப்பாக்கியவர் அந்த வீட்டு அம்மா. அவர் வீட்டில் மீன் சட்டியே கிடையாது. ஆனால் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வேண்டுமென்று, புதுச் சட்டி வாங்கி, முற்றத்தில் மூன்று கல் வைத்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு மீன் போட்டுச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுத்தார். பிறகு அடுத்தடுத்த இடப்பெயர்வுகளில் அந்தக் குடும்பம் எங்கே போனதென்று தெரியாது. லூர்த்தம்மா விசாரிக்காத இடமில்லை. கணவரைக் கடல் கொண்டுபோன வருடத்தில்கூட அவள் செபத்தில் அந்த அம்மாவின் பெயர் விடுபட்டதில்லை.

"அவவுக்குத் திருப்பிச் செய்ய எனக்குக் குடுத்து வைக்கேல்லை. ஆண்டவருக்கு நன்றி சொல்லலாம். ஆனா வாயாலை சொன்னா கெதியா முடிஞ்சு போகுது பிள்ளை. எனக்கு அது போதாமல் கிடக்கு."

ஸ்ரெல்லா அதற்குப் பிறகு தடுக்கவில்லை. வியாழன் பின்னேரம் கடையால் வரும்போது ஒரு கட்டு பஞ்சும் ஒரு நகவெட்டியும் கொண்டுவந்து ஸ்கூட்டிக்குள் வைத்தாள்.

கனகசபாபதி வேறு மாதிரி. வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர், பிள்ளையார் கோயில் திருவிழா உபயகாரர், நெற்றியில் திருநீறு காயாதவர். சில வருடங்களுக்கு முன் எங்கிருந்தோ வந்த ஒரு கூட்டம், அவர் காய்ச்சலில் கிடந்த நேரம் பார்த்துத் துண்டுப் பிரசுரம் கொடுத்து, உங்கள் சாமி உங்களைக் கைவிட்டுவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. அந்தச் சூடு அவருக்கு ஆறவில்லை. லூர்த்தம்மாவைக் காணும்போதெல்லாம் நன்றியும் சந்தேகமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. ஒரு வெள்ளிக்கிழமை படலையடியில் வைத்தே கேட்டுவிட்டார்.

"பிள்ளை, நீ செய்த உதவியை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். ஆனா எங்களை மாத்தலாம் எண்டு மனசிலை வைச்சுக்கொண்டு வாறதெண்டா, இப்பவே சொல்லிப்போடு."

லூர்த்தம்மா ஸ்கூட்டியை நிறுத்தி ஸ்ராண்ட் போட்டாள். "ஐயா, ஆண்டவர் இத்தனை வருசமா என்னை மாத்தப் பாக்கிறார். அந்த வேலையே இன்னும் முடியேல்லை. இதுக்குள்ளை நான் உங்களை எங்கை மாத்திறது?" என்றாள். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய்விட்டாள்.

அவர் உள்ளே வந்து மனைவியிடம் புறுபுறுத்தார். "உவை சும்மா வரமாட்டினம். இண்டைக்கு விளக்குமாறு, நாளைக்கு வேதப்புத்தகம்."

கமலாவதி ஊன்றுதடியோடு நிமிர்ந்தார். "இஞ்சருங்கோ, ஆசுப்பத்திரியிலை விடியக்காலமை எனக்குத் திருநீறு பூசிவிட்டது ஆரெண்டு நினைக்கிறியள்? நேர்ஸ்மாரோ?"

கனகசபாபதி யன்னலடிக்குப் போனார். பின்வளவில் அவள் கூட்டுவதைப் பார்த்தார். அன்று லூர்த்தம்மா புறப்படும்போது, "வெயிலுக்கை போறாய். மோர் குடிச்சிட்டுப் போ" என்றார். அவர் வாயால் அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் உபசாரம் அது.

சந்தேகம் அந்தப் பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை. லூர்த்தம்மா பூசை காணும் கோயிலில் ஜெனிஸ் ரீச்சர் என்று ஒருத்தி பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறாள். துடியான பெண், நல்ல மனம். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது கையைப் பிடித்தாள்.

"அக்கா, உங்களுக்கு எத்தினை சைவ வீட்டுக் கதவு திறந்திருக்கு! எங்கடை செபக்குழுவையும் கூட்டிக்கொண்டு போங்கோவன். அவைக்கு ஆண்டவரைப் பற்றிச் சொல்லலாம். நீங்கள் சும்மா வளவு கூட்டிப்போட்டு வாறியளாம்."

அந்தச் 'சும்மா' லூர்த்தம்மாவைக் குத்தியது. அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. தன்னைக் கரை சேர்த்தவர் ஆண்டவர்தான் என்று கமலாவதியிடம் சொல்ல எத்தனையோ தடவை வாய் உன்னியிருக்கிறது. சொல்லாமல் இருப்பது பயத்தினாலோ, தன் விசுவாசம் போதாதோ என்று அந்தக் கிழமை முழுக்கக் குழம்பினாள். மீன் நிறுக்கும்போதும் அதே யோசனை. விழுந்து கிடந்தவருக்கு உதவிவிட்டு, அந்த உதவியையே கயிறாக்கி அவரை இழுப்பதா? வெங்காயக் கொட்டிலில் அந்த அம்மா, சரக்குக் கறியைத் தந்துவிட்டு, இனி நீ திருநீறு பூசு என்று சொல்லியிருந்தால் அந்தக் கறி தொண்டையால் இறங்கியிருக்குமா? வியாழக்கிழமை அவளுக்குத் தெளிந்தது. ஜெனிஸுக்குப் போன் எடுத்தாள்.

"நாளைக்கு வாங்கோ ரீச்சர். ஆனா வெறுங்கையோடை வரவேணும். விளக்குமாறு அங்கை இருக்கு. ஆராவது கேட்டால் மட்டும் சொல்லுங்கோ, கேட்டதுக்கு மட்டும்."

ஜெனிஸ் அரைமனதோடு வந்தாள். ஞானாம்பிகை வீட்டில் அவளுக்குக் கிடைத்த வேலை, கிழவியின் கால் நகம் வெட்டுவது. நகம் ஓடு மாதிரித் தடித்துக் கிடந்தது. வெந்நீரில் காலை ஊறவைத்து, துடைத்து, மடியில் வைத்து, வேர்க்க வேர்க்க வெட்டி முடித்தாள். அதற்கிடையில் ஞானாம்பிகை அவளுடைய ஊர், படிப்பு, கலியாணம் ஆகாத காரணம் எல்லாம் கறந்துவிட்டார். பிறகு, "கண் தெரிஞ்ச காலத்திலை நாளாந்தம் சாமிப் பாட்டு வாசிச்சனான். ஒருக்கா வாசியடி மோனை" என்று ஒரு பழைய புத்தகத்தை நீட்டினார். ஜெனிஸ் லூர்த்தம்மாவைப் பார்த்தாள். லூர்த்தம்மா குசினி யன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்; திரும்பவில்லை. ஜெனிஸ் தட்டுத்தடுமாறி வாசித்தாள். கிழவி கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் சொன்னார், "நல்ல குரல். இனி உங்கடை கோயில் பாட்டு ஒண்டு படி. நானும் கேப்பன்."

ஜெனிஸ் மாதாவைப் பற்றிய ஒரு பாட்டைப் படித்தாள். முடிந்ததும் பழைய புத்தகத்தைக் கிழவியின் கையில் பத்திரமாகக் கொடுத்தாள். திரும்பி வரும் வழியில், ஸ்கூட்டியின் பின்னால் இருந்தபடி, "அடுத்த வெள்ளியும் வரட்டோ அக்கா?" என்று கேட்டாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் லூர்த்தம்மா விழுந்தாள். மாரி மழை. துறைமுகத்தால் மீனோடு திரும்பும்போது மருதனார்மடத்துக்குக் கிட்ட ஸ்கூட்டி வழுக்கி, பெட்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வலக்கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆசுப்பத்திரியால் வந்தது வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை விடியவே அவள் முகம் வாடிவிட்டது. கமலாவதிக்கு ஊன்றுதடியோடு கிணற்றடிக்குப் போகும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஜெனிஸ் ரீச்சரோ பிள்ளைகளோடு மடுமாதா கோயிலுக்குப் போயிருந்தாள்.

"போன் எடுத்துக் கேட்டாப் போச்சு" என்றாள் ஸ்ரெல்லா.

"கமலாம்மா எடுக்கிறா இல்லை. ஞானமக்காவுக்குப் போன் தெரியாது."

அன்று பின்னேரம் வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு ஊன்றுதடி இறங்கியது, பிறகு கமலாவதி, பிறகு பட்டு வேட்டியும் சால்வையுமாகக் கனகசபாபதி, கையில் ஒரு பனையோலைப் பெட்டி. லூர்த்தம்மா கட்டிலால் எழும்பப் பார்த்தாள்.

"இரு பிள்ளை, இரு!" என்று கமலாவதி அதட்டினார். ஸ்ரெல்லா கதிரைகளை இழுத்துப் போட்டாள். சுவரில் மாதா படமும் அதற்குக் கீழே சிறிய விளக்கும். கனகசபாபதி அதற்கு நேரே உட்காருவதா, தள்ளி உட்காருவதா என்று ஒரு கணம் யோசித்து, நேரேயே உட்கார்ந்தார்.

"காலமை போன் எடுத்தனான் அம்மா. நீங்கள் தூக்கேல்லை. எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு."

"வீட்டிலை நிண்டாத்தானே தூக்க? நாங்கள் ஞானத்தார் வீட்டை போட்டம்" என்றார் கமலாவதி.

லூர்த்தம்மாவுக்கு நம்ப முடியவில்லை. அந்த இரு வளவுகளுக்கும் இடையில் ஒரு வேலிச் சண்டை. வேலி அரையடி தள்ளிப் போட்டது யார் என்று வழக்காகிக் கோடுவரை போனது. அதற்குப் பிறகு கனகசபாபதி அந்தப் படலையைத் தாண்டியதில்லை. ஞானாம்பிகை வீட்டுச் சாவீடு ஒன்றுக்கும் போகவில்லை. ஒழுங்கையில் எதிரெதிரே வந்தாலும் இருவரும் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

"ஐயாவுமோ?"

கனகசபாபதி செருமினார். "நீ விழுந்திட்டாய் எண்டு நேற்றுக் கேள்விப்பட்டம். விடியக் கோயிலாலை வரேக்கை அந்தப் படலையடியிலை கால் நிண்டிட்டுது. உள்ளுக்கை மனிசி கிடக்கோ, விழுந்து போச்சோ எண்டு ஆருக்குத் தெரியும்? தண்ணி அள்ளி வைச்சன். குழாய் ஒண்டு ஒழுகிச்சுது, அதையும் முறுக்கி விட்டன். கமலா தலை இழுத்து விட்டவ."

"ஞானமக்கா என்ன சொன்னவ?"

"என்ன சொல்லுவா? 'ஆர் லூர்தோ? இண்டைக்கு என்ன மிதி பலமாக் கிடக்கு?' எண்டா. நான் கனகசபாபதி எண்டன். முகத்தை ஒருக்கா என்ரை பக்கம் திருப்பினா. பேந்து, 'அந்த வாளி ஓட்டை, மற்றதை எடு' எண்டா."

கமலாவதி வாயைப் பொத்திச் சிரித்தார். லூர்த்தம்மாவும் சிரிக்கப் போய், கை நொந்து, கண்ணில் நீர் வந்துவிட்டது.

கனகசபாபதி பனையோலைப் பெட்டியைத் திறந்தார். வாழைப்பழம், மோதகம், உடைத்த தேங்காய்ப் பாதி. "உனக்கெண்டு பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனை செய்வித்தனான். அதாலை உனக்கு மனக்குறை ஒண்டும் இல்லையே? ஐயர் நட்சத்திரம் என்ன எண்டு கேட்டுப்போட்டார். வேதக்காரிக்கு நான் எந்த நட்சத்திரத்தைச் சொல்லுறது? முழுசிக்கொண்டு நிண்டிட்டு, சுவாமி பேருக்கே செய்யுங்கோ எண்டிட்டன்."

"பெத்லகேமிலை ஒரு நட்சத்திரம் நிண்டது ஐயா. அதைச் சொல்லியிருக்கலாம்."

அவருக்கு விளங்க ஒரு நொடி எடுத்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஒவ்வொரு நத்தாருக்கும் வேதக்கார வீடுகளில் தொங்கும் நட்சத்திரக் கூட்டை அவர் பார்க்காதவரா என்ன. ஸ்ரெல்லா தேத்தண்ணீர் கொண்டுவந்தபோதும் சிரிப்பு அடங்கவில்லை. திருநீற்றுப் பொட்டலம் பெட்டியின் ஓரத்தில் இருந்தது. அதை அவர் நீட்டவில்லை, மடித்துத் தன் மடியில் செருகிக்கொண்டார். லூர்த்தம்மா அதைக் கவனித்தாள். இடக்கையால் சிலுவை வரைந்து, அந்த வாழைப்பழத்தை உரிக்க முடியாமல் தவித்தபோது, கமலாவதி வாங்கி உரித்துக் கொடுத்தார்.

போகுமுன் கனகசபாபதி மாதா படத்தைப் பார்த்தபடி கேட்டார். "உன்ரை ஆண்டவர் உனக்கு என்னதான் சொல்லித் தந்தவர், பிள்ளை? நான் வாதுக்குக் கேக்கேல்லை. தெரிஞ்சுகொள்ளக் கேக்கிறன்."

பதில் சொல்ல இத்தனை காலம் வாய் உன்னிய கேள்வி. லூர்த்தம்மா என்னென்னவோ நினைத்து வைத்திருந்தாள். இப்போது வந்தது இவ்வளவுதான்.

"அவர் தன்ரை ஆக்களின்ரை காலைக் கழுவினவர் ஐயா. சாகப்போறதுக்கு முதல் நாள். எனக்குப் படிப்பில்லை, மற்றதெல்லாம் வடிவா விளங்காது. அது மட்டும் விளங்கிச்சுது."

கனகசபாபதி தலையை மெல்ல ஆட்டினார். "நல்ல ஆள்" என்றார். கமலாவதியின் கையைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றினார்.

அவர்கள் போன பிறகு லூர்த்தம்மா விளக்கின் முன் இருந்து அழுதாள். நோவினால் இல்லை. ஸ்ரெல்லா பக்கத்தில் வந்து குந்தியிருந்து தாயின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மாவுக்கட்டுக் கழற்றிய கிழமை, ஸ்கூட்டி ஓட்டக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்ததால், வெள்ளிக்கிழமை ஸ்ரெல்லாவே கடையில் லீவு எடுத்துத் தாயை ஏற்றிக்கொண்டு போனாள். ஞானாம்பிகை வீட்டுப் படலை அகலத் திறந்து கிடந்தது. முற்றத்தில் ஜெனிஸ் ரீச்சர் கூட்டிக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் கனகசபாபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாசி உரஞ்சினார். கமலாவதி கதிரையில் இருந்து கீரை ஆய்ந்தார். இருந்த இடத்திலிருந்தே ஞானாம்பிகை எல்லோரையும் ஏவிக்கொண்டிருந்தார்.

லூர்த்தம்மா விளக்குமாற்றைத் தேடினாள். "இருக்கிற வேலைக்கு ஆக்கள் காணும். நீ இரு" என்று ஞானாம்பிகை கதிரையைத் தட்டிக் காட்டினார். பிறகு தானே சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போனார். யாரையும் உதவிக்கு விடவில்லை. தடவித் தடவி அவர் ஊற்றிக்கொண்டுவந்த தேத்தண்ணீர் பாதி தட்டில் சிந்தியிருந்தது; சீனியும் இரட்டிப்பு.

லூர்த்தம்மாவுக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை. கை பரபரத்தது. ஆனாலும் இருந்தாள். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு நிமிடம் கண்ணை மூடி நன்றி சொல்லி, கடைசி மிடறுவரை குடித்தாள்.

"எப்பிடி, நல்லாக் கிடக்கோ?" என்றார் ஞானாம்பிகை.

"நல்லாக் கிடக்கு அக்கா" என்றாள் லூர்த்தம்மா. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோவன்."